ஆர்.டி. அக்காவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறுதோறும் உங்கள் நாளிதழில் வரும் பண நிர்வாகப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். போன வாரம், பணத்தை மதிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று அரைப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் இருந்தார். 1958-இல் 31,500 டாலருக்கு வாங்கிய ஒமாஹா வீட்டை அவர் இன்னும் விடவில்லை என்ற தகவலும் இருந்தது. கூடவே முதலீட்டு ஆலோசகர்கள் இரண்டு பேர், யூடியூபில் பேசுகிற ஒரு தம்பி. கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற ஒரு பெண், பஃபெட் வீடு மாறவில்லை என்று படித்துவிட்டு மறுநாள் நூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பாளா? அவளை அப்படி வைக்கச் செய்தவர்களை அஞ்சலகக் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, வேலையில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது அஞ்சலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டிச் சேமிக்கிற தொடர் வைப்பு, அதை வசூலிக்கும் பெண் முகவர்களை. மத்திய அரசு 1972-இல் கொண்டுவந்தது இந்த முகவர் திட்டம். பெண்கள் மட்டுமே முகவராக முடியும். வீடு வீடாகப் போய் மாதத் தவணையை வாங்கி அஞ்சலகத்தில் கட்ட வேண்டும். கட்டுகிற பணத்தில் 4 சதவீதம் கமிஷன். அதாவது நூறு ரூபாய் ஆர்.டி. போடுகிற ஒருத்தியிடம் மாதம் ஒருமுறையாவது நடந்து, அவள் வீட்டில் இல்லாவிட்டால் மறுபடி நடந்து, வாங்கி, எழுதி, வரிசையில் நின்று கட்டினால் நான்கு ரூபாய். 2011-இல் மற்ற முகவர்களின் கமிஷனைக் குறைத்தபோதும், நிறுத்தியபோதும் இந்த 4 சதவீதத்தில் அரசு கை வைக்கவில்லை. யாரோ ஒரு அதிகாரிக்கு விஷயம் புரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஊரில் எல்லோருக்கும் அவர் ஆர்.டி. அக்கா. அறுபது வயதைத் தாண்டியும் அக்காதான்.

ஆர்.டி. கணக்கில் ஒரு விதி உண்டு. மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் தொடங்கிய கணக்கு என்றால் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும். பதினாறுக்கு அப்புறம் தொடங்கியது என்றால் மாதக் கடைசி வேலை நாள் வரை நேரம் உண்டு. தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அதனால் 15-ஆம் தேதி எங்கள் கவுன்ட்டரில் நிற்க இடம் இருக்காது. முகவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் ஓடி வருவார்கள். ஆர்.டி. அக்கா மட்டும் ஒன்பது, பத்து தேதிக்குள்ளேயே முடித்திருப்பார். மஞ்சள் பையில் பாஸ்புக்குகள் ரப்பர் பேண்ட் போட்டுத் தெருவாரியாக இருக்கும். பட்டியலில் அடித்தல் திருத்தல் இருக்காது. சில்லறையைக் கிழித்த செய்தித்தாளில் சுருட்டி, மேலே தொகையை எழுதிக் கொண்டுவருவார். அந்தத் தாள் பல சமயம் உங்கள் நாளிதழாகத்தான் இருக்கும், அதில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

எப்படி இவ்வளவு சீக்கிரம் வசூலாகிறது என்று ஒருநாள் கேட்டேன். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குப் போனதும் "மாசம் எவ்வளவு போடுவ?" என்று கேட்கிறார்களாம். இவர் கேட்பது வேறு: "ஏ தாயி, ஒனக்கு என்னைக்குக் கையில துட்டு வருது?" தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் பணம் வரும், திங்கள்கிழமை காணாமல் போகும். மாதக் கடைசியில் போய் நூறு ரூபாய் கேட்டால் அந்த வீட்டில் எங்கிருந்து வரும்? அதனால் சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமை காலையும் அவர் தெருவில் இருப்பார். வாரம் இருபத்தைந்து, முப்பது என்று வாங்கி, வாங்கிய இடத்திலேயே அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வாசல்.

உங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகிறதே, சம்பளம் வந்ததும் இருபது சதவீதத்தை முதலில் ஒதுக்கு என்ற விதி, அது மாதச் சம்பளக்காரர்களுக்கு எழுதியது. மழை பெய்தால் பட்டாசு காயாது, வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் ஆலை சில வாரம் மூடியிருக்கும். இந்த மாதிரி வருமானத்தில் சதவீதம் பேசிப் பயனில்லை. அக்கா வைத்திருந்த வழி இது. தீபாவளிக்கு போனஸ் வருகிற வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்து ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே கட்ட வைத்துவிடுவார். ஆறு தவணை முன்பணமாகக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு தவணை என்றால் நாற்பது ரூபாய் தள்ளுபடி என்று அஞ்சலகத்தில் ஒரு விதி இருக்கிறது. எங்கள் ஊழியர்களிலேயே பலருக்கு அது நினைவில் இருக்காது. அக்கா அதை மனப்பாடமாக வைத்திருந்தார். வேலை இல்லாத வாரங்களில் தவணை நின்றுபோகாது, பத்து ரூபாயும் மிச்சம்.

இன்னொன்று, இதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கணக்கு தொடங்கும் முன் வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்பார். ஆர்.டி. ஐந்து வருடம், அறுபது தவணை. மகன் ஏழாம் வகுப்பு என்றால் ஐந்து வருடத்தில் பன்னிரண்டு முடிப்பான். "அப்ப சித்திரையில ஆரம்பி, காலேஜு பீஸுக்குக் கைக்கு வரும்" என்பார். அடுத்த வருடம் இளையவளுக்கு ஒன்று. இப்படியே வருடத்துக்கு ஒன்றாகத் தொடங்கினால் ஆறாவது வருடத்திலிருந்து வருடந்தோறும் ஒரு கணக்கு முதிர்ந்துகொண்டே இருக்கும். நகரத்து ஆலோசகர்கள் இதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள் என்று என் மருமகன் சொன்னார். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் மாதம் 500 ரூபாய் கட்டினால் ஐந்து வருடத்தில் கட்டியது 30,000, கையில் வருவது 35,680 சொச்சம். பெரிய தொகை இல்லைதான். ஆனால் பள்ளி திறக்கிற நேரத்தில் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்காமல் இருக்க அது போதும்.

கந்துவட்டி என்றதும் ஒன்று நினைவு வருகிறது. ஒரு பெண், மகளின் சடங்குச் செலவுக்காக ஆர்.டி.யை உடைக்க வேண்டும் என்று கவுன்ட்டருக்கு வந்தாள். மூன்று வருடம் தாண்டியிருந்தது, உடைக்கலாம். ஆனால் உடைத்தால் சேமிப்புக் கணக்கு வட்டி, அதாவது 4 சதவீதம்தான் கிடைக்கும். நான் படிவத்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். பின்னால் வரிசையில் நின்றிருந்த அக்கா முன்னால் வந்து, "ஏன் உடைக்க? பாதியக் கடனா எடு" என்றார். பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். வட்டி ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் கூடுதல், இன்றைய கணக்கில் வருடத்துக்கு 8.7. வெளியே பத்து வட்டி என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து, வருடத்துக்கு நூற்றிருபது. அந்தப் பெண் கடன் எடுத்தாள், மாதத் தவணையில் அடைத்தாள், கணக்கும் முழுசாக முதிர்ந்தது. இந்தக் கடன் விதியை உங்கள் பக்கத்தில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. கட்டம் கட்டிப் போடுங்கள்.

அக்காவிடம் கறாரும் உண்டு. தவணை தவறுகிறவர்களுக்குச் சில முகவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிவிடுவார்கள், கணக்கு நின்றால் கமிஷன் போய்விடுமே என்று. இவர் ஒருபோதும் செய்ததில்லை. "நான் போட்டா அது ஓஞ் சேமிப்பு இல்ல, எங்கிட்ட நீ வாங்குன கடன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சிலருக்கு அதில் வருத்தம்தான். அபராதத்தோடு அடுத்த மாதம் இரண்டு தவணையாகக் கட்டியவர்கள் அப்புறம் தவறியதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

செல்வமகள் திட்டம் 2015-இல் வந்தபோது பத்து வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளை இருக்கிற வீடுகளையெல்லாம் அவர்தான் கூட்டிவந்தார். அந்தத் திட்டத்தில் முகவருக்குக் கமிஷன் கிடையாது. ஒரு ரூபாய்கூட. படிவம் எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

முகவர்கள் எல்லோரும் இவரைப் போல என்று சொல்ல மாட்டேன். வசூலித்த பணத்தைக் கட்டாமல் சுருட்டிய முகவர்களைப் பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழிலேயே வந்திருக்கின்றன. அப்படி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் பாஸ்புக்கை வருடக்கணக்கில் கண்ணால் பார்க்காதவர்கள். பணம் கொடுத்த உடனே அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைக் கையில் வாங்கிப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் நேரே அஞ்சலகத்துக்கு வந்து கேட்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். ஆர்.டி. அக்கா இதைத் தன் ஆட்களுக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். தன்னை நம்பச் சொல்லாமல் சரிபார்க்கச் சொன்ன முகவர் என்பதால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு மதிப்பு.

சரி, 6.7 சதவீதம் ஒரு வட்டியா, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடுகிற எஸ்.ஐ.பி. போட்டால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமே என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். என் மருமகனும் கேட்கிறார். கிடைக்கலாம், மறுக்கவில்லை. அவர் எஸ்.ஐ.பி. போடுகிறார், நானே போடச் சொன்னேன். ஆனால் சந்தை இறங்கின மாதத்தில் பயந்து நிறுத்தாமல் இருக்க, தவணை விடாமல் கட்டுகிற பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். அவருடைய அம்மா ஆர்.டி. அக்காவின் பட்டியலில் இருந்தவர். இதை உங்கள் கட்டுரையாளர் சொன்னால் மருமகன் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன், என்னிடம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பெயர் சொல்லக்கூடியவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மதுரை அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளையை உங்கள் கட்டுரை எப்படி விட்டது என்று புரியவில்லை. வயல் கூலி வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களில் பெண்களைச் சேர்த்து, சிறுகச் சிறுகச் சேமிக்க வைத்து, வட்டிக்காரர்களிடமிருந்து மீட்டவர். 2001-இல் விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் இப்படி எத்தனையோ பேர். கூட்டத்துக்குப் பணம் கொண்டுவராதவளை எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்ட குழுத் தலைவிகளை எனக்கே தெரியும்.

இப்போது ஆர்.டி. அக்கா மாதிரி ஆட்கள் குறைந்துவருகிறார்கள். முன்பு 10 ரூபாய்க்கும் ஆர்.டி. தொடங்கலாம், 2019 இறுதியிலிருந்து குறைந்தது 100 ரூபாய் என்று ஆனது. பட்டியலை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று வந்தபோது வயதான முகவர்கள் பலர் கணினி மையத்தில் காசு கொடுத்துச் செய்தார்கள், கொஞ்சம் பேர் விட்டுவிட்டார்கள். அக்கா தன் பேத்தியை உட்கார வைத்துச் செய்தார். அந்தப் பேத்தி முகவராக வருவாளா என்று கேட்டேன். நான்கு ரூபாய்க்கு யார் நடப்பார்கள் என்றாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, தாத்தா வயதில் இருக்கிற நான் என்ன பதில் சொல்வது?

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அக்டோபர் 30 உலக சிக்கன நாள். வழக்கமாக முதலமைச்சரின் வாழ்த்துச் செய்தியும் ஒரு வங்கி விளம்பரமும் வரும். அவை வரட்டும். இந்த வருடம் அதே நாளில், மாவட்டத்துக்கு ஒரு முகவரையோ குழுத் தலைவியையோ உங்கள் நிருபர்களை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டாம். யார் வீட்டில் எந்தக் கிழமை போய் நின்றார்கள், தவணை தவறினவளிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு வருவதானால் சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லவும். மற்ற நாளில் அக்கா வீட்டில் இருந்தாலும் பேச மாட்டார், கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் உதவியாளர்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.