கவிழ்ந்தே கிடந்த பொம்மை

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி இப்போது எப்படி என்று எழுதவே இல்லையே. இங்கே ரங்கூனில் மழை விட்டபாடில்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. செல்போனில் சார்ஜ் இல்லாததால் பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, ஏதாவது பொம்மை செய்து கொடு" என்று உட்கார்ந்துகொண்டான். நல்லவேளை நுங்கு வண்டி கேட்கவில்லை, அதற்குப் பாகான் பக்கப் பனங்காட்டுக்கல்லவா போக வேண்டும்!

சரி, பிட்டைந்தவுங் செய்யலாம் என்று இறங்கினேன். ஷ்வேடகோன் பகோடாவின் படிக்கட்டுக் கடைகளில் தங்க ஆந்தை ஜோடிக்குப் பக்கத்தில் இருக்குமே, சிவப்புப் பூசிய முட்டை மாதிரி காகிதப் பொம்மை, ஞாபகம் இருக்கிறதா? எறியும்போதெல்லாம் எழுந்து நிற்பது என்றுதான் அந்தப் பேருக்கே பர்மிய மொழியில் அர்த்தம். மர அச்சுக்கு நான் எங்கே போக? பலூனை ஊதி, பழைய பேப்பரைக் கிழித்து, மைதாக் கஞ்சி தொட்டு ஏழெட்டு அடுக்கு ஒட்டினோம். இந்த ஈரத்தில் காய நாலு நாள். அப்புறம் உள்ளே களிமண் அப்பி, சிவப்பு அடித்து, கண் எழுதித் தரையில் வைத்தால் மூக்குக் குப்புற விழுந்து கிடக்கிறது! மண் அடியில், நடுவாகப் படிந்து, மேல்கூடு லேசாக இருந்தால்தானே நிமிரும். நான் ஒரு பக்கமாகப் பாதி உயரத்துக்கு அப்பி வைத்திருக்கிறேன்.

பேரன் சிரித்த சிரிப்பில் உன் பாட்டி கொலுவில் வைத்த தஞ்சாவூர் ராஜா நினைவுக்கு வந்தார். அவரும் இதே வித்தைதானே, உருண்டை அடி, அதில் கனம். அவரையும் பிட்டைந்தவுங்கையும் எதிரெதிரே வைத்துக் குத்துச்சண்டை விட்டோமே, ராஜாவின் மூக்கு போனதற்கு நீதானே அடி வாங்கினாய். உடைத்தது நான். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது ஒப்புக்கொண்டால் தப்பில்லை.

1964-இல் கடைகளைப் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டு, நீங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது நீ தந்த பிரம்புப் பந்தை, நம் சின்லோனை, பிரம்பு இற்று உதிரும்வரை வைத்திருந்தேன். காலால் தட்ட ஆள் சேரவில்லை.

அடுத்த மாதம் மைத்துனர் வைத்தியத்துக்குச் சென்னை வருகிறார். ராஜாவுக்குப் பதிலாக அவரிடம் ஒரு பிட்டைந்தவுங் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, கடையில் வாங்கியதுதான்.

உன்
பழைய கூட்டாளி