பழைய காருக்கு வெறும் தண்ணீர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

‘நமது ஊரில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு?’ என்று கேட்டுவிட்டு ரேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பும் வழக்கம் திருகோணமலையில் இன்னும் இருக்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பமொன்றின் கைக்கு எட்டாததாகவே உள்ளது. ஆகவே, இருபது முப்பது வருடங்களைக் கடந்த டொயோட்டா கொறோலாக்களும் நிசான் சனிகளும், அவற்றைவிட மூத்த மொரிஸ் மைனர்களும் இன்னும் பல ஆண்டுகள் ஓடியாகவேண்டியவை. அவற்றின் எஞ்சினை உள்ளிருந்தே அரிப்பது எது, அதைத் தடுக்கும் கூலன்ட் எனும் திரவத்தை எவ்வாறு தெரிவுசெய்வது, எவ்வாறு மாற்றுவது என்பவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கூலன்ட் என்பது எதிலீன் கிளைக்கோலும் நீரும், அவற்றோடு உலோக அரிப்பைத் தடுக்கும் சில இரசாயனங்களும் சேர்ந்த கலவையாகும். குளிர் நாடுகளில் நீர் உறைந்து எஞ்சினை வெடிக்கச் செய்யாமல் காப்பது அதன் ஒரு பணி மட்டுமே. அந்தப் பணி நமக்குத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எஞ்சியுள்ள இரண்டு பணிகளும் குளிர் நாட்டவரைவிட நமக்கே கூடுதலாக வேண்டியவை. வெறும் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும், கிளைக்கோலும் நீரும் சரிபாதியான கலவை ஏறத்தாழ 107 பாகையில்தான் கொதிக்கும், 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் நல்ல ரேடியேற்றர் மூடி இவ்விரண்டையும் மேலும் இருபது பாகைக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், காரின் ஏ.சி.யையும் இயக்கிக்கொண்டு, ஐந்து பேரையும் பொதிகளையும் ஏற்றிய பழைய காரொன்று கொழும்பை நோக்கி 260 கிலோமீற்றர் ஓடும்போது அந்தச் சில பாகைகளே எஞ்சினைக் காப்பாற்றுகின்றன. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் பகுதியில், இரவு வேளையில், ரேடியேற்றர் கொதித்து நின்றுவிட்டால் குடும்பத்தினர் காரைவிட்டு இறங்கவும் முடியாது, காருக்குள்ளேயே பயமின்றி இருக்கவும் முடியாது.

இதனைவிட முக்கியமானது துருவும் அரிப்பும். பழைய காரின் எஞ்சின் ஒரே உலோகத்தால் ஆனதன்று. எஞ்சினின் உடலான வார்ப்பிரும்பு பிளொக், அதன்மேல் மூடியாக அமரும் அலுமினியம் ஹெட், செம்பும் பித்தளையும் ஈயப் பற்றாசும் கொண்ட ரேடியேற்றர், பிளொக்கின் துளைகளை அடைக்கும் உருக்கினாலான வெல்ச் பிளக் என்று பல உலோகங்கள் ஒரே நீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. நீரில் உப்பு கூடக்கூட அது மின்னைக் கடத்தும் திறன் கூடி, ஓர் உலோகம் இன்னோர் உலோகத்திற்காகக் கரையத் தொடங்குகிறது. பெரும்பாலும் கரைவது விலை கூடிய அலுமினியம் ஹெட்தான். நிலாவெளி, உப்புவெளி போன்ற கரையோரப் பகுதிகளின் கிணறுகளில் உவர் கலப்பதை அங்குள்ளவர்கள் நாவினாலேயே அறிவார்கள். கரையை விட்டு உள்ளே சென்றாலும், உலர் வலயத்தின் நிலத்தடி நீர் பெரும்பாலும் வன்னீராகவே இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெண்படை எதுவோ, அதுவே எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது ரேடியேற்றர் நலமாகத் தோன்ற, உள்ளே பாதிக் குழாய்கள் அடைபட்டிருக்கும். குழாய் நீர் அந்தளவுக்குத் தீங்கானதன்று என்றாலும் அதிலும் குளோரைட்டும் கல்சியமும் உண்டு. பற்றரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரின் விலை, ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள காஸ்கட்டை மாற்றும் கூலியோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத் தக்கதன்று. வழியில் நீர் குறைந்து வேறு வழியில்லாதபோது கிணற்று நீரை ஊற்றுவதில் தவறில்லை. வீடு திரும்பியதும் அதனை வெளியேற்றாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதுதான் கேடு.

இனித் தெரிவைப் பற்றிக் கூறவேண்டும், ஏனெனில் குழப்பம் மிகுதியாக உள்ள இடம் இதுவே. உதிரிப்பாகக் கடைக்குச் செல்பவர்கள் ‘பச்சை தாருங்கள்’, ‘சிவப்பு தாருங்கள்’ என்று நிறத்தைச் சொல்லியே கேட்கிறார்கள். நிறம் என்பது தயாரிப்பாளர் தம் விருப்பப்படி சேர்க்கும் சாயம் மட்டுமே. எந்த நிறம் எந்த வகையைக் குறிக்கும் என்பதற்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட விதி எதுவும் கிடையாது. டொயோட்டா நிறுவனம் முன்னர் தனது கார்களில் பயன்படுத்திய சிவப்புக் கூலன்ட் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படவேண்டியது. அதன் பின்னர் வந்த இளஞ்சிவப்பு வகை பல ஆண்டுகள் உழைப்பது. வேறு நிறுவனங்கள் விற்கும் சிவப்போ இவ்விரண்டிலும் சேராத வேறொரு வகையாக இருக்கலாம். நிறத்தை நம்பி ஒன்றன்மேல் ஒன்றை ஊற்றும்போது, நீண்ட காலம் உழைக்கவேண்டியது தன் ஆயுளை இழக்கிறது; சில கலவைகள் கூழாகத் திரண்டு குழாய்களை அடைப்பதும் உண்டு.

பார்க்கவேண்டியது காரின் உலோகத்தையும், எஞ்சினைச் செய்த நாட்டின் வழக்கத்தையும். செம்பு, பித்தளை ரேடியேற்றர் கொண்ட மிகப் பழைய கார்களுக்கு, சிலிக்கேற்று முதலான அசேதன உப்புகளைக் கொண்ட பழைய பாணிக் கூலன்டே ஏற்றது. அது விரைவாகச் செயல்பட்டு உலோகத்தின்மேல் காப்புப் படையொன்றை உண்டாக்குகிறது. அதே வேகத்தில் தீர்ந்தும் போவதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். ‘ஓ.ஏ.ரி.’ என்று குறிக்கப்படும் சேதன அமில வகை ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கும் என்ற கவர்ச்சியால் அதனை மொரிஸ் மைனர் ஒன்றில் ஊற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன், ஏனெனில் அவ்வகையிற் சில ஈயப் பற்றாசைத் தாக்குவதோடு பழைய இறப்பர்ப் பாகங்களையும் இளகச் செய்கின்றன. அலுமினிய ரேடியேற்றர் கொண்ட எண்பதுகளின் பிற்பகுதி, தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்களின் நிலை வேறு. நீர்ப் பம்பின் சீலைச் சிலிக்கேற்று தேய்த்துவிடும் என்று கருதிய ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் அதனைத் தவிர்த்துப் பொஸ்பேற்றைச் சேர்த்தார்கள். வன்னீர் மிகுந்த ஐரோப்பாவிலோ பொஸ்பேற்றைத் தவிர்த்துச் சிலிக்கேற்றை வைத்துக்கொண்டார்கள். இந்த வேறுபாடு நமக்கு நேரடியாகப் பொருந்துவதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்: ஜப்பானியக் காருக்கு உரிய பொஸ்பேற்றுக் கூலன்டைத் தேடி வாங்கி, அதனை நமது கிணற்று நீரோடு கலந்தால், நீரிலுள்ள கல்சியத்தோடு பொஸ்பேற்று சேர்ந்து படிவாக இறங்கிவிடும். நல்ல கூலன்டை வாங்கியும் பயனில்லாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். போத்தலில் ‘ஜே.ஐ.எஸ். கே 2234’ என்ற ஜப்பானியத் தரக்குறியீடோ, ‘ஏ.எஸ்.ரி.எம். டி 3306’ என்ற அமெரிக்கத் தரக்குறியீடோ அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, நிறத்தைப் பார்ப்பதைவிடப் பன்மடங்கு நம்பத்தக்கது.

செறிவாக வரும் கூலன்டையும், ஏற்கெனவே நீர் கலந்து வருவதையும் பிரித்தறிவது அவசியம். கலந்து வருவதில் மீண்டும் நீர் சேர்த்தால் காப்பு இரசாயனங்கள் போதாமற்போகும். மாறாக, செறிவானதை நீரின்றி அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று எண்ணுவோரும் உளர், அதுவும் பிழையே. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் நீருக்கு நிகரில்லை. கிளைக்கோல் கூடக்கூட அத்திறன் குறைகிறது. உறைபனி இல்லாத நமது பிரதேசத்தில் நூற்றுக்கு 35 முதல் 50 வரையான கிளைக்கோல் போதுமானது. 30க்குக் கீழே இறங்குவது அரிப்புத் தடுப்பைக் கைவிடுவதாகும்.

மாற்றும் வேலை கடினமானதன்று, ஆனால் அவசரத்தில் செய்யக்கூடியதுமன்று. சூடான எஞ்சினின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்களின் துன்பம் சொல்லி மாளாது. மேல் ஹோசைக் கையால் பிடித்துப் பார்த்து, அது ஆறி, அழுத்தமின்றித் தளர்ந்த பின்னரே மூடியைத் தொடவேண்டும். பெரும்பாலான இடங்களில் ரேடியேற்றரின் அடித் திருகை மட்டும் திறந்து வடித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். எஞ்சின் பிளொக்கினுள் கணிசமான பங்கு பழைய திரவம் அப்படியே தங்கிவிடுகிறது. பிளொக்கின் பக்கவாட்டிலுள்ள வடிதிருகையும் கழற்றவேண்டும். துருப்பிடித்து அது அசையவில்லையெனில், நீர் நிரப்பி, எஞ்சினைச் சூடாக்கி, ஆறவைத்து வடிக்கும் வேலையைத் தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஹீற்றர் உள்ள காரில் அதன் கட்டுப்பாட்டைச் சூட்டுப் பக்கம் திருப்பி வைத்தாற்றான் அதனுள் இருப்பதும் வெளிவரும். கடைசிக் கழுவலையாவது காய்ச்சி வடித்த நீரால் செய்தல் நலம். பிறகு தொகுதியின் மொத்தக் கொள்ளளவைக் கையேட்டில் பார்த்து (சிறிய கார்களில் அது பெரும்பாலும் 5 முதல் 7 லீற்றர்), தேவையான செறிவான கூலன்டை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினால், உள்ளே தங்கிய கழுவு நீரால் கலவை நீர்த்துப்போகாது. காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை இயக்கி, சூடேறியதும் ரேடியேற்றருக்கு நீரை விடும் தேர்மோஸ்டற் திறந்து குமிழிகள் வெளியேறும்வரை காத்திருக்கவேண்டும். மறுநாட் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்புவது தவறக்கூடாது.

தேர்மோஸ்டற்றைக் கழற்றி வீசிவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்ற ஆலோசனை நமது கராஜ்களில் அடிக்கடி தரப்படுகிறது. இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். ஏறத்தாழ 82 பாகையில் திறக்கும் அந்தச் சிறு பாகம் இல்லாவிடின் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளை வீணாக்கித் தேயும். பல ஜப்பானிய எஞ்சின்களில் அது இல்லாதபோது பக்கவழி திறந்தே கிடப்பதால் நீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குச் செல்லாமலேயே சுற்றி, பாரமேறும் வேளையில் எஞ்சின் முன்னைவிட அதிகமாகவே கொதிக்கும். ரேடியேற்றரின் ஒழுக்கை அடைக்க அதனுள் மஞ்சள்தூள் இடும் வழக்கமும் உண்டு. வீடு வந்து சேர உதவலாம், ஆனால் அதுவே நிரந்தர வைத்தியமாகிவிடக் கூடாது.

வடித்த கூலன்டை என்ன செய்கிறோம் என்பதே எனக்கு மிகுந்த கவலையைத் தருவது. எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. உடலினுள் அது மாற்றமடைந்து உருவாகும் ஒக்சலேற்றுப் பளிங்குகள் சிறுநீரகத்தை அழித்துவிடும். ஒரு பூனையைக் கொல்ல ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே போதும். பிரட்றிக் கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் புள்ளிமான்கள் திரிகின்ற, ஆடுமாடுகள் வீதியோரத்தில் நீர் தேடுகின்ற இந்நகரில், அதனை வடிகானில் ஊற்றுவதும் மண்ணில் தேங்க விடுவதும் கொடுமையாகும். மீந்த கூலன்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதோ, நிறத்தைக் கண்டு பானமென நினைக்கும் குழந்தையின் உயிரோடு விளையாடுவதாகும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி, அதன் சொந்தக் கொள்கலத்திலேயே வைக்கவேண்டும்.

ஆகையால், பழைய கூலன்டைப் பழைய எஞ்சின் எண்ணெயைப் போலத் தனியாகச் சேகரிக்க வாகனச் சேவை நிலையங்களும், அதனைப் பொறுப்பேற்று அகற்ற உள்ளூராட்சிச் சபைகளும் ஒழுங்கு செய்யவேண்டும். பெரிய கலனிலிருந்து பெயரற்ற போத்தல்களில் ஊற்றி விற்பதைக் கடைக்காரர்கள் நிறுத்தவேண்டும். கூலன்ட் மாற்றும் மெக்கானிக்குகள், அதன் வகை, கலவையின் அளவு, திகதி, மீற்றர் வாசிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பொனற்றின் உட்புறத்தில் ஒட்டிவிடுவார்களாயின், அடுத்ததாக அந்தக் காரைத் தொடும் மெக்கானிக் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிராது.

இவ்வண்ணம்,
பழைய கார் உரிமையாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.