குடியாத்தத்திலிருந்து சைத்தாமா வரை சென்ற பேனருக்காக ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

2023 மார்ச் மாதம் ஜப்பானின் சைத்தாமா நகரில் நடந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் (இசைக்கேற்ப பனித்தளத்தில் சறுக்கி ஆடும் விளையாட்டு) போட்டியில், கனடா வீரர் கீகன் மெஸ்ஸிங்கின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்கிய ஒரு துணிப் பேனர், வேலூர் ரசிகர்களின் பெயரால் பார்வையாளர் பகுதியில் தொங்கியது. அதை அங்கே கொண்டுசேர்த்தவர்கள் பல ஊர்களில் இருப்பதால், எல்லாரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல இயலவில்லை. எங்கள் சிறிய ரசிகர் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, குடியாத்தத்தில் கொடி அச்சிடும் பெரியவருக்கு உரியது. தேசியக் கொடிக்குப் பெயர்போன ஊரில் ஆயுள் முழுவதும் அத்தொழிலைச் செய்துவரும் அவர், "அந்தப் பிள்ளை நம்ம நாட்டுக்காரனும் இல்லை, போட்டி நடக்கிற நாட்டுக்காரனும் இல்லை, அப்புறம் எதுக்கம்மா பேனர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2019 செப்டம்பரில் கனடாவின் ஓக்வில் நகரில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதில் ஜப்பானின் யுசுரு ஹன்யு முதலிடமும் மெஸ்ஸிங் மூன்றாமிடமும் பெற்றார்கள். பரிசளிப்பின்போது ஜப்பானிய தேசிய கீதம் ஒலிக்க, பின்னால் கம்பத்தில் துவண்டு தொங்கிய ஜப்பான் கொடியை மெஸ்ஸிங் தம் கையால் பிடித்து, எல்லாருக்கும் விரிந்து தெரியும்படி ஏந்தி நின்றார். தம் சொந்த நாட்டு மண்ணில், தம்மை வென்றவரின் கொடிக்கு அவர் செய்த மரியாதை அது. பெரியவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எந்தத் துணி வேண்டும், ஓரம் மடித்துத் தைப்பது யார் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

முதல் அச்சில் 'மெஸ்ஸிங்' என்ற பெயரிலுள்ள புள்ளிகளில் சாயம் பரவி, எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று நாங்கள் சொல்லியும் அவர் ஒப்பவில்லை. புள்ளிகளைச் சற்றே பெரிதாக்கி, எழுத்திலிருந்து ஒரு நூலளவு விலக்கி, புதுத் துணியில் மீண்டும் அச்சிட்டுக் கொடுத்தார்.

சத்துவாச்சாரியில் ஓரம் தைத்து மூலைகளில் நாடா வைத்துக் கொடுத்த தையற்கார அக்காவுக்கும், விடுமுறை முடிந்து ஜப்பானுக்குத் திரும்புகையில் தம் பெட்டியில் இடம் ஒதுக்கிப் பேனரை எடுத்துச் சென்ற காட்பாடித் தம்பிக்கும் எங்கள் நன்றி. அரங்கின் விதிகளை முன்கூட்டியே விசாரித்துச் சொன்னதோடு, தாம் கொண்டுவந்திருந்த ஜப்பானிய வீரரின் பேனருக்குப் பக்கத்திலேயே எங்களுடையதையும் கட்டிய ஜப்பானிய ரசிகைக்கு என்ன கைம்மாறு செய்வது என்றே தெரியவில்லை. அவர் எங்களில் எவரையும் பார்த்ததில்லை.

மெஸ்ஸிங்கை நாங்கள் தேர்ந்தெடுத்தது பதக்கத்துக்காக அல்ல. அலாஸ்காவில் பிறந்து கனடாவுக்காக ஆடிய அவர், 1877இல் கனடாவில் குடியேறிய முதல் ஜப்பானியராக அறியப்படும் மான்சோ நாகானோவின் வழித்தோன்றல். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின்போது கோவிட் பரிசோதனை முடிவால் பயணம் தடைப்பட்டு, தாம் ஆட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். இருந்தும் போட்டியின் முதல் சுற்றான குறுநிகழ்ச்சியைத் தடுமாறாமல் ஆடி முடித்தார். எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக் கைதட்டினால் இந்த விளையாட்டின் பாதி அழகுகூட நமக்குக் கிட்டாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் குழுவிலேயே கொரியாவின் யுனா கிம் பக்கம் சிலரும், ஜப்பானின் மாவ் அசாதா பக்கம் சிலரும் உண்டு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கிம் 228.56 புள்ளிகளுடன் தங்கம் வென்றதை ஒருவர் எடுத்தால், அதே போட்டியில் அசாதா, காற்றில் மூன்றரைச் சுற்று சுழலும் கடினமான தாவலான டிரிபிள் ஆக்சலை மூன்று முறை தாவியதை மற்றவர் எடுப்பார். ஆனாலும் இருவரின் ஆட்டத்தையும் எல்லாரும் சேர்ந்துதான் பார்க்கிறோம்.

ஆடவர் இறுதிச் சுற்று நடந்த அந்தச் சனிக்கிழமை, வேலூரின் பங்குனி வெயிலில் தம் வீட்டுக் கூடத்தையும் கணினியையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்த காந்தி நகர் அம்மாவுக்கும் நன்றி. அன்று ஜப்பானின் ஷோமா உனோ தங்கமும், கொரியாவின் சா ஜுன்-ஹ்வான் வெள்ளியும், அமெரிக்காவின் இலியா மாலினின் வெண்கலமும் வென்றார்கள். மெஸ்ஸிங்குக்குப் பதக்கம் இல்லை. எனினும், தம் கடைசி உலகப் போட்டியை அவர் ஆடி முடித்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஜப்பானிய ரசிகர்களின் கைகளில் கனடாக் கொடிகள் அசைந்தன. அந்தக் கூட்டத்தில் எங்கள் துணியும் ஒன்றாக இருந்ததற்கு மேற்சொன்ன அனைவருமே காரணம்.

பேனர் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. குடியாத்தத்துப் பெரியவர் இரண்டாம் அச்சுக்கான துணிக்கும் சாயத்துக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு, பேனரையும் அவரிடம் காட்டுவதற்காக விரைவில் வருகிறோம். ஐயா இம்முறை மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
வேலூர் ஸ்கேட்டிங் ரசிகர்கள் சார்பில் ஒருத்தி