கொடியேற்றிய பிறகு கொஞ்ச நேரம் உட்காருவோம்: ஊராட்சித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அம்மாவுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15 நெருங்குகிறது. கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடித்தாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒத்திகை பார்க்கிறார்கள். கொடியேற்றம், மிட்டாய், பரிசு எல்லாம் நம் ஊரில் குறையில்லாமல் நடக்கிறது. நான் எழுதுவது அதற்குப் பிறகு, 11 மணிக்குக் கூடும் கிராம சபையைப் பற்றி.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாக வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊராட்சி செயலர் கூட்டப் பொருளை மூச்சுவிடாமல் வாசித்து முடிக்கிறார். 501 முதல் 3,000 பேர் வரை வாழும் நம்மைப் போன்ற ஊராட்சியில் 100 பேராவது கூட வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் அத்தனை பேரும் இருக்கிறார்கள், பந்தலில்தான் இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். சட்டமன்றத்தில் நமக்காக வேறொருவர் பேசுவார். இங்கேதான் நாமே எழுந்து கணக்குக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். சுதந்திர தினத்தை ஓர் ஊர் கொண்டாட இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆடித் திருவிழா முடிந்ததும் கோயில் வரிக் கணக்கை மைக்கில் வாசிக்கிறோமே, அப்போது யாராவது எழுந்து போகிறார்களா? பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ரூபாய் ரூபாயாகக் கேட்கிறோம். ராத்திரி ஆனாலும் விடுவதில்லை. அதே ஊர்தான் ஊராட்சிப் பணத்துக்கு வாய் திறக்காமல் இருக்கிறது. கேட்கத் தெரியாததால் அல்ல. கேட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கை இல்லாததால்.

அந்த நம்பிக்கையை நீங்கள் தர முடியும். வரவு செலவை ஒரு வாரம் முன்பே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். இந்த முறை கூட்டத்தைக் காலனிப் பக்கம் வையுங்கள். கோயில் வளாகத்தில் கூட்டக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. கூட்டம் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் மாறி மாறிப் போக வேண்டும் என்பதும் அரசு சொன்னதுதான்.

இன்னொன்று. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் நேரில் வந்த பிறகுதான் அவர் கையால் கொடி ஏறியது. நம் ஊரில் யார் யாரோ உங்களை ஒதுங்கி நிற்கச் சொல்வார்கள். கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். கூட்டத்தில் நடு நாற்காலியிலும் நீங்களே உட்காருங்கள்.

மேல்நிலைத் தொட்டி கழுவிய தேதி, ஏரி மீன் குத்தகைப் பணம், எரியாத தெருவிளக்குகள்: இந்த மூன்றையும் கேட்க எங்கள் தெருவிலிருந்து பெண்கள் வருகிறார்கள். பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்த ஒருவர்