அட்டை புதுசு, உள்ளே பழசு: அமெரிக்க அரசாங்கப் பாடநூல் குறித்துப் புகார்

பெறுநர்: பாடநூல் பதிப்பகத்தின் வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: ஆக்ஸஸ் கோடுடன் (ஆன்லைன் ஹோம்வொர்க் தளத்தைத் திறக்கும் குறியீடு) சேர்த்து விற்ற அமெரிக்க அரசாங்க அறிமுகப் பாடநூலில் முந்தைய பதிப்பின் பக்கங்கள் இருப்பது, முழுப் பணமும், என் பேராசிரியருக்கு ஒரு கடிதமும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் பேசியும் எழுதியும் சாட்டில் தட்டியும் எதுவும் நடக்கவில்லை. அதனால் இந்த முறை என் மொழியிலேயே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாதியில் நிறுத்தாமல் படிக்கச் சொல்லுங்கள்.

நான் ஹூஸ்டனில் ஒரு கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்டாக வேலை செய்கிறேன். நர்சிங் சேர வேண்டும் என்று மாலையில் கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிறேன். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் வாங்க அரசாங்கப் பாடத்தில் ஆறு கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதில் பாதி கவர்ன்மெண்ட் 2305, அதாவது ஃபெடரல் அரசு பற்றிய பாடம். அதற்குத்தான் உங்கள் புத்தகத்தை உங்கள் தளத்திலேயே வாங்கினேன். கோடும் சேர்த்து 190 டாலருக்கு மேல் ஆனது. அட்டையில் புதிய பதிப்பு, 2024 தேர்தல் முடிவுகளுடன் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. முன்னுரையும் பொருளடக்கமும் புதியவைதான். முதல் அத்தியாயத்திலிருந்து உள்ளே இருப்பது முழுக்கப் பழைய பதிப்பு. எந்தப் பதிப்பு, எந்த அச்சடிப்பு என்று உங்களுக்கே தெரியும். நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் விளக்கினேன், உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து. உச்ச நீதிமன்ற அத்தியாயத்தில் நீதிபதிகளின் குழுப் படம் இருக்கிறதல்லவா? என் புத்தகத்தில் அந்தப் படத்தில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் உட்கார்ந்திருக்கிறார். அவர் இறந்தது 2020 செப்டம்பரில். தேர்தல் அத்தியாயத்தில் கடைசி அதிபர் தேர்தல் 2016. டிரம்ப், ஹிலாரி கிளிண்டனோடு அது முடிந்துவிடுகிறது. 2024 முடிவு எங்கே? அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு விஷயம் பிடிபட்டது குடிமைச் சுதந்திரங்கள் அத்தியாயத்தில்தான். கருக்கலைப்பு உரிமைக்கு ரோ எதிர் வேட் தீர்ப்பு இன்றும் அடிப்படை என்று அதில் எழுதியிருக்கிறது. நான் டெக்சாஸில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவள். 1973-இல் வந்த அந்தத் தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு இங்கே என்னென்ன மாறியது என்று தினமும் பார்க்கிறவள். அந்தப் பக்கத்தைப் படித்ததும் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு அத்தியாயமாகப் புரட்டினேன். அரசு நிர்வாகம் பற்றிய பகுதியில், சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு முகமைகளின் விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டின் செவ்ரான் கோட்பாட்டை இன்றைய சட்டமாகவே சொல்லியிருக்கிறது. அதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் கைவிட்டுவிட்டது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய அத்தியாயத்தில், எந்தச் சபாநாயகரும் வாக்கெடுப்பில் பதவி இழந்ததில்லை என்று ஒரு வரி. 2023 அக்டோபர் 3 அன்று சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை 216-க்கு 210 என்ற வாக்கில் இறக்கினார்கள். உலகமே பார்த்தது. உங்கள் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

இதற்குள் எனக்கு மதிப்பெண் போய்விட்டது. அதுதான் முக்கியம். உங்கள் ஆன்லைன் ஹோம்வொர்க்கில் டெக்சாஸுக்கு எத்தனை எலக்டோரல் வாக்கு, அதாவது அதிபரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த மாநிலத்துக்கு எத்தனை வாக்கு என்று கேட்டது. புத்தகத்தைப் பார்த்து 38 என்று போட்டேன். தவறு என்று வந்தது. தேர்தலன்று மாநிலத்துக்கு எத்தனை வாக்கு என்று மனப்பாடம் செய்துகொண்டா ஓட்டுப் போடுகிறோம்? பாடம் என்றால் புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதுவோம். கலிஃபோர்னியாவுக்கு 55 என்று போட்டேன், அதுவும் தவறு. நியூயார்க்குக்கு 29, அதுவும் தவறு. ஒரு முறை அழுத்திவிட்டால் மாற்ற முடியாது. உங்கள் புத்தகம் சொன்னதை உங்கள் தளமே தவறு என்று அடித்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எனக்கு விற்றது நீங்கள்.

இனி உங்கள் உதவி எண்ணில் என்னிடம் பேசிய சூப்பர்வைசரைப் பற்றி. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் புகார் டிக்கெட்டின் நகலை இணைத்திருக்கிறேன், பதிவு செய்த உரையாடல் உங்களிடமே இருக்கும், எடுத்துக் கேளுங்கள். வெகுநேரம் லைனில் காக்க வைத்த பிறகு வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், “புத்தகத்தில் 38 என்று இருக்கிறது. எனக்கு இங்கே திரையிலும் டெக்சாஸ் 38 என்றுதான் இருக்கிறது. பிறகு என்ன பிரச்சினை?” என்றார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். சார், நீங்கள் திரையில் பார்ப்பது பிரதிநிதிகள் சபை இடங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கு இரண்டு இடம் கூடி 36 என்பது 38 ஆனது. அதோடு செனட்டர் இருவரைச் சேர்த்தால் எலக்டோரல் வாக்கு 40. என் புத்தகத்தில் இடம் 36, வாக்கு 38. இரண்டும் பழைய கணக்கு. உங்கள் 38 வேறு, என் 38 வேறு.

அதற்கு அவர் சொன்ன பதில்: “நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு நாளாகிறது? எங்கள் அரசாங்க முறை வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.”

எங்கள் அரசாங்கமாம். அது என் அரசாங்கமும்தான். நூறு கேள்விகளைப் படித்து, அதிகாரி முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லி, கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் எடுத்துக் குடியுரிமை வாங்கியவள் நான். 2024 நவம்பரில் இங்கே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். ஒரு மாநிலத்தின் சபை இடங்களுக்கும் எலக்டோரல் வாக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர், அமெரிக்க அரசாங்கப் பாடநூல் விற்கிற நிறுவனத்தில் இருந்துகொண்டு, அதைச் சரியாகச் சொன்ன என்னிடம் எவ்வளவு நாளாகிறது என்று கேட்கிறார். என் உச்சரிப்பைக் கேட்டதும் அவர் முடிவு செய்துவிட்டார். இதை நான் மறக்கப் போவதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் மறக்கப் போவதில்லை.

மன்னிக்கவும். வரிசையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன்.

அந்த அழைப்புக்கு முன்பு, உங்கள் சாட்டில் ஒருவர், கல்லூரிப் புத்தகக் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தார். அதை நம்பி அரை நாள் லீவு போட்டு, கொட்டுகிற மழையில் ஐ-45 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போனேன். எங்களிடம் வாங்கியதில்லை, நாங்கள் தொட முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடையில் இருந்த பெண் நல்லவர். அலமாரியில் இருந்த உங்கள் புத்தகத்தின் இன்னொரு பிரதியை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒரே அட்டை, ஒரே ஐஎஸ்பிஎன். அதில் டெக்சாஸ் 40. அதில் நீதிபதிகள் படத்தில், பின்னால் நீதிபதியாக வந்த கேதான்ஜி பிரவுன் ஜாக்சன் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை, மறுபடி அனுப்பவும் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன். டிக்கெட்டை மூடிவிட்டீர்கள்.

கடைசியாக உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில், புத்தகத்தை மாற்றித் தரலாம், ஆனால் ஆக்ஸஸ் கோடைப் பயன்படுத்திவிட்டதால் தொகுப்புக்குப் பணம் தர இயலாது, வேண்டுமானால் புதிய தொகுப்பு வாங்கிக்கொள்ளவும் என்று இருக்கிறது. கோடைப் பயன்படுத்தாமல் ஹோம்வொர்க் எப்படிச் செய்வது? இந்தப் புத்தகத்தை நான் யாரிடமாவது விற்கவும் முடியாது. வாங்கிய பிரதியை மறுபடி விற்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு, வெளிநாட்டில் அச்சடித்ததானாலும் உண்டு என்று 2013-இல் ஒரு தாய்லாந்து மாணவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அதுவும் பாடப்புத்தக வழக்குதான், உங்கள் துறைக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஒரே முறை வேலை செய்கிற ஆக்ஸஸ் கோடை ஒட்டிவிட்டால் அந்த உரிமையை வைத்து நான் என்ன செய்வேன்? அதிலும் உள்ளே பழசு. யார் வாங்குவார்கள்?

2008-ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டத்தையும் படித்துவிட்டேன். தொகுப்பாக விற்கும் பதிப்பகம் அதில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும் விற்க வேண்டும். உங்கள் தளத்தில் எனக்குத் தொகுப்பு மட்டும்தான் காட்டியது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிதாக என்ன மாறியது என்று பேராசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அப்படியானால் அந்த மாற்றப் பட்டியல் உங்களிடம் தயாராக இருக்கும். அதை எடுத்து என் புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை யாரும் எனக்காகச் செலவழிக்கவில்லை.

என் நஷ்டம் வெறும் 190 டாலர் இல்லை. நர்சிங் சேர்க்கையில் ஒவ்வொரு புள்ளிக்கும் போட்டி. இந்தப் பாடத்தில் கிரேடு இறங்கினால் எனக்கு ஒரு வருடம் போகும். ஒரு நர்ஸின் ஒரு வருடச் சம்பளம் எவ்வளவோ அவ்வளவும் உங்களால் எனக்கு வந்த நஷ்டம். என் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நள்ளிரவு வரை உட்கார்ந்து படித்ததெல்லாம் செல்லாத சட்டம், செல்லாத கணக்கு. என் எதிர்காலத்தையே நாசம் செய்துவிட்டீர்கள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கோடு உட்பட முழுப் பணத்தையும் என் கார்டுக்குத் திருப்புங்கள். இந்த செமஸ்டர் முடியும் வரை ஆன்லைன் கணக்கை மூடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மாணவியிடம் இருந்த பிரதி அச்சகத்தில் தவறாகக் கட்டப்பட்டது, அதிலிருந்து அவர் எழுதிய விடைகளுக்கு அவர் பொறுப்பல்ல என்று உங்கள் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் என் பேராசிரியருக்கு எழுதுங்கள். அவர் நியாயமானவர். பதிப்பகம் எழுதிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு கடிதம்தான் எனக்கு அவசரம், பணம் பிறகு வந்தாலும் பரவாயில்லை. அந்த சூப்பர்வைசர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதே அச்சடிப்பில் வேறு யாரிடம் இந்தப் பிரதிகள் போயிருக்கின்றன என்று கண்டுபிடித்து அவர்களுக்கும் சொல்லுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முதல் ஓட்டுப் போடுவதற்கு முன் படிக்கிற பாடம் இது.

செய்யவில்லை என்றால் வழக்குப் போடுவேன். டெக்சாஸின் ஏமாற்று வணிக நடைமுறைச் சட்டத்தின்படி வழக்குப் போடுவதற்கு முன் 60 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். இந்தக் கடிதத்தை அந்த அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே செய்தது என்று நிரூபணமானால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை கேட்க அதில் இடமிருக்கிறது. தெரிந்தே என்பதற்கு நான் அனுப்பிய படங்களும் நீங்கள் மூடிய டிக்கெட்டும் போதும். சிறு வழக்குகளை விசாரிக்கும் அமைதி நீதிபதி (ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்) நீதிமன்றத்தில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கும் எழுதுவேன். எங்கள் துறைத் தலைவரிடமும் பேசுவேன். இதே ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், அமெரிக்க அரசாங்கப் பாடநூலை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அடுத்த செமஸ்டரிலிருந்து அதையே வையுங்கள் என்று கையெழுத்து வாங்க என் வகுப்பில் பலர் தயாராக இருக்கிறார்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. அதற்கு நேரமும் இல்லை. மிட்டேர்ம் தேர்வு வருகிறது.

மூன்று பக்கங்களின் படங்கள், ரசீது, மூடிய டிக்கெட்டின் நகல், சாட் பதிவு எல்லாம் இணைத்துள்ளேன். பதிலை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள், வேலை நேரத்தில் ஃபோன் எடுக்க எனக்கு அனுமதியில்லை. பேராசிரியருக்கான கடிதத்தின் நகலை எனக்கும் வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
ஹூஸ்டன், டெக்சாஸ்