கேமரா இருக்கட்டும், பலகையும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேகத்தைக் கண்காணிக்கும் கேமராக்கள் வெறும் வசூல் எந்திரங்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேகம் 40 கி.மீ.யிலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பள்ளி விடும் நேரத்தில், தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் சாலையைக் கடக்கும் ஒரு சிறுமியைத் தினமும் பார்க்கிறேன். அங்கே ஒரு கேமரா வந்தால் எனக்கு நிம்மதி.

ஆனால் வைக்கிற விதம் சந்தேகத்தைக் கிளப்புகிறதே! போன மாதம் எனக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று குறுஞ்செய்தி வந்தது. தப்பு என்னுடையதுதான், கட்டிவிட்டேன். அப்புறம் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேம்பாலத்து இறக்கம். வேக வரம்புப் பலகையை ஒரு வேப்பங்கிளை பாதிக்கு மேல் மூடியிருந்தது. கேமரா உள்ள சாலையில் எச்சரிக்கைப் பலகை பளிச்சென்று தெரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ.

சென்னையில் 2023-ல் பகல் வரம்பு 40 கி.மீ. என்றபோது எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கார்களுக்கு 60, பைக்குகளுக்கு 50 என்று மாற்றினார்கள். சரியான திருத்தம். அதேபோல, கேமரா வைப்பதற்கு முன் அந்த இடத்தில் எத்தனை விபத்து, வைத்த பின் எத்தனை என்ற கணக்கையும் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். வசூல் கணக்கும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த வேப்பங்கிளையை மட்டும் இந்த வாரமே வெட்டிவிடுங்கள்.

வாசகர் ஒருவர், சென்னை