பணம் போட வந்த தாயைத் திருப்பி அனுப்பிய வங்கி மேலாளருக்கு

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளின் செல்வமகள் சேமிப்புக் கணக்கு விண்ணப்பம் உங்கள் மேசை வரை வந்து திரும்பிய கதை உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை எல்லாம் சரி. காப்பாளர் கையெழுத்து என்னுடையதாக இருந்ததுதான் குறை. உங்கள் ஊழியர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "அப்பா வரணும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழோ விவாகரத்து ஆணையோ கொண்டு வாங்க" என்றார். வரிசை முழுக்கக் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

என் கணவர் இறக்கவில்லை, விவாகரத்தும் ஆகவில்லை. வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமே வருவதில்லை, கையெழுத்து வந்துவிடுமா?

பிள்ளையின் பராமரிப்பு, உடல்நலம், கல்வி காப்பாளரின் கடமை என்கிறது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 24ஆம் பிரிவு. மூன்றையும் சுமப்பவள் நான். டெங்கு வந்தபோது அரசு மருத்துவமனையில் என் கையெழுத்து செல்லுபடியாயிற்று. ஊசி போட அம்மா, பணம் போட அப்பாவா?

இந்துக் குழந்தைகளின் காப்பாளர் யார் என்று சொல்லும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதலில் வைக்கிறது, உண்மைதான். ஆனால் தந்தை உயிரோடிருந்தும் பொறுப்பில் இல்லாவிட்டால் தாயே இயற்கைக் காப்பாளர் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இலேயே சொல்லிவிட்டது. மகன் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்க வந்த தாயின் கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்காததால் எழுந்த வழக்கு அது. வங்கிக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! செல்வமகள் திட்டத்தின் விதியும் தாயோ தந்தையோ ஒருவர் போதும் என்றுதான் இருக்கிறது. பிள்ளையின் நிலத்தை விற்க வந்திருந்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள், நியாயம். நான் பணம் போடத்தானே வந்தேன்?

உங்கள் கிளைச் சுவரில் இதே திட்டத்தின் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. அம்மாவும் மகளும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் அப்பாவைக் காணோம். அந்த அம்மாவுக்கு எந்தக் கிளையில் கணக்குக் கொடுத்தார்களோ, விலாசம் சொன்னால் அங்கேயே போய்விடுவேன்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். அடுத்த மாதம் மகளுக்குப் பத்து வயது நிறைகிறது. அதன்பின் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது. ஆகவே என் கையெழுத்தை ஏற்றுக் கணக்கைத் தொடங்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால், எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று முத்திரையிட்டு எழுதிக் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு அது எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
சிறுமியின் காப்பாளர்